டூட்டி முடிந்த பிறகு டிரக்கை எடுக்கலாமா? பி.சி. எங்கே சரி, எங்கே தவறு

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஒஹாயோவில் கொலம்பஸ் பக்கம் ஒரு கிடங்கில் லோடு இறக்கப் போனீர்கள். டாக்கில் 5 மணி நேரம் காக்க வைத்தார்கள். டூட்டி தொடங்கி 14 மணி நேரத்துக்குப் பிறகு டிரக் ஓட்டக் கூடாது என்பது அமெரிக்க விதி; இறக்கி முடித்தபோது உங்கள் 14 மணி நேரம் தாண்டி 40 நிமிடம் ஆகியிருந்தது. உள்ளே படுக்கக் கூடாது, வண்டியை வெளியே எடு என்று கிடங்குக் காவலர் (கார்டு) சொன்னார். கம்பெனியில் லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சருக்கு அடித்தால், “பி.சி. (சொந்தத் தேவைக்கு ஓட்டுவது) போட்டு டேட்டன் பக்கம் போய்ப் படு, காலை லோடு அங்கேதான்” என்றார். நீங்களும் 58 மைல் ஓட்டிப் போய்ப் படுத்தீர்கள். டிரெய்லர் காலியாகத்தானே இருந்தது, இதில் என்ன தப்பு என்று கேட்கிறீர்கள்.

கிடங்கை விட்டு வெளியே வந்தது சரி. டேட்டன் வரை போனது சரியில்லை. டிரெய்லர் காலியா நிறைந்ததா என்பதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது.

நான் 9 வருஷம் டொரண்டோவிலிருந்து அமெரிக்காவுக்கு ஓட்டினேன். இப்போது ஒரு சின்னக் கம்பெனியில் டிரைவர்களின் லாக் (வேலை நேரப் பதிவு) பார்ப்பதுதான் வேலை. வாரத்தில் ஒரு தடவையாவது இதே மாதிரி ஒரு பி.சி. கண்ணில் படும். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் போடுவதில்லை. தூக்கக் கலக்கத்தில், யாரோ சொன்னதை நம்பிப் போட்டதாகத்தான் இருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பி.சி. என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெர்சனல் கன்வேயன்ஸ். லாக்கில் நான்கே கோடுகள்தான் உண்டு: ஆஃப் டூட்டி, ஸ்லீப்பர் (கேபின் படுக்கை), டிரைவிங், ஆன் டூட்டி. பி.சி. என்பது ஐந்தாவது கோடு இல்லை. ஆஃப் டூட்டி கோட்டிலேயே இருந்துகொண்டு வண்டி நகர்வதற்குப் பெயர்தான் பி.சி. வேலையிலிருந்து முழுதாக விடுபட்ட ஒருவர் தன் சொந்தத் தேவைக்கு வண்டியை எடுக்கிறார் என்று பொருள். அதனால் அந்த நேரம் ஓர் ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் நடுவே அனுமதிக்கும் 11 மணி நேர டிரைவிங்கில் சேராது, 8 நாளில் 70 மணி நேர வேலை என்ற கணக்கிலும் சேராது. 14 மணி நேரம் முடிந்த பிறகும் பி.சி.யில் வண்டியை நகர்த்தலாம். இவ்வளவு தாராளமாக இருப்பதால்தான் டிஸ்பாட்சர்கள் இதை ‘கூடுதல் மணி நேரம்’ என்று நினைத்துவிடுகிறார்கள். அது கூடுதல் மணி நேரம் இல்லை. ஓய்வு நேரத்தின் ஒரு துண்டு.

காலி டிரெய்லர் பற்றிய குழப்பம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய டிரைவர்கள் பலர் இன்னும் அதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். 1997-இல் அமெரிக்க மத்திய அரசு கொடுத்த விளக்கத்தில், வண்டியில் லோடு இருந்தால் சொந்தத் தேவைக்கு ஓட்டியதாக எழுத முடியாது என்று இருந்தது. டிரெய்லரைக் கழற்றிவிட்டுப் பாப்டெயிலாகப் போகிறவருக்கு அது பிரச்சினை இல்லை. பெட்டியும் எஞ்சினும் ஒன்றாகவே இருக்கும் ஸ்ட்ரெய்ட் டிரக் ஓட்டுகிறவர் லோடோடு சாப்பிடப் போக என்ன செய்வார்? 2017 டிசம்பர் 18 முதல் எலெக்ட்ரானிக் லாக் கட்டாயமானபோது இந்த மாதிரிக் கேள்விகள் குவிந்தன. பேப்பர் லாக்கில் யாரும் கவனிக்காமல் போன 4 மைல் எல்லாம் இப்போது திரையில் நிமிடக் கணக்கோடு தெரிந்தது. 2018 ஜூனில், டிரக் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.எம்.சி.எஸ்.ஏ. பழைய விளக்கத்தை மாற்றியது. லோடு இருக்கிறதா என்ற கேள்வியையே எடுத்துவிட்டது. இப்போது நிறைந்த டிரெய்லரோடும் பி.சி. போடலாம், காலி டிரெய்லரோடு போட்ட பி.சி.யும் தப்பாகலாம்.

அப்படியானால் எதைப் பார்க்கிறார்கள்? வண்டி எதற்காக உருண்டது என்பதை. உங்கள் வயிற்றுக்காகவா, தூக்கத்துக்காகவா, வீட்டுக்காகவா? இல்லை, கம்பெனியின் அடுத்த வேலைக்கு வண்டியைப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதற்காகவா? முதல் வகை பி.சி. இரண்டாவது வகை டிரைவிங். உங்கள் சந்தேகங்களில் முக்கால்வாசி இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

இனி உங்கள் ராத்திரிக்கு வருவோம்.

டாக்கில் இருந்தபோது 14 மணி நேரம் தாண்டியதே ஒரு மீறல் என்று நீங்கள் பயந்ததாகத் தெரிகிறது. அது மீறல் இல்லை. 14 மணி நேரத்துக்குப் பிறகு டிரைவிங்தான் கூடாது. பேப்பரில் கையெழுத்து வாங்குவது, சீல் வெட்டுவது, இறக்கும்வரை நிற்பது இவையெல்லாம் ஆன் டூட்டி கோட்டில் போகும், அவற்றுக்குத் தடை இல்லை. சிக்கல் கார்டு வந்து கண்ணாடியைத் தட்டும்போதுதான் தொடங்குகிறது. அங்கே நிற்கவும் விடமாட்டார்கள், சாலையில் ஏறவும் சட்டம் விடாது. நானும் அந்த நிலையில் இருந்திருக்கிறேன். பென்சில்வேனியாவில் ஒரு கிடங்கு, வெளியே பனி, நள்ளிரவு ஒரு மணி. டார்ச் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது, திரையில் டிரைவிங் நேரம் பூஜ்யம் என்று சிவப்பில் நிற்கிறது. 2018-க்கு முன்னால் அது. லாக்கில் மீறலோடு வெளியே வந்து, ஒரு மைல் தள்ளி ஹைவே ஏறும் சரிவின் ஓரத்தில் நிறுத்திப் படுத்தேன். பக்கத்தில் ஒவ்வொரு வண்டி போகும்போதும் என் கேபின் ஆடியது. தூக்கம் எங்கே வரும்?

நல்ல இடம் கிடைக்காமல் நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சட்டமே சாட்சி. 2009 மார்ச்சில் ஜேசன் ரிவன்பர்க் என்ற டிரைவர் தென் கரோலினாவில் பால் லோடு இறக்க வேண்டிய இடத்துக்கு முன்கூட்டியே வந்துவிட்டார். உள்ளே விடவில்லை. கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திப் படுத்தார். 7 டாலருக்காக அங்கேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் மனைவி விடாமல் போராடியதால், 2012-இல் டிரக் நிறுத்துமிடங்களுக்கான விதிகள் ‘ஜேசன் சட்டம்’ என்ற பெயரில் வந்தன. பி.சி. விதியில் ‘பாதுகாப்பான இடம்’ என்று வரும் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பங்க்தான் ஞாபகம் வரும்.

2018 விளக்கம் உங்கள் நிலைமையை நேராகவே பேசுகிறது. லோடு ஏற்றிய பிறகோ இறக்கிய பிறகோ, பக்கத்தில் உள்ள, நியாயமான, பாதுகாப்பான ஓரிடத்துக்கு ஓய்வுக்காகப் போகலாம், அது பி.சி.தான். ஆனால் இரண்டு நிபந்தனைகள். அந்த இடம் நியாயமாகக் கிடைக்கக்கூடிய முதல் இடமாக இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு தேவையான ஓய்வுக்கு நேரம் இருக்க வேண்டும்.

‘முதல் இடம்’ என்பதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். எந்தத் திசை என்று விதி சொல்லவில்லை. பக்கத்து டிரக் ஸ்டாப் தற்செயலாக நாளைய லோடு இருக்கும் பக்கமே இருந்தால் அங்கே போவதில் தப்பில்லை. ஆனால் நிறுத்த இடமுள்ள ஒன்றைத் தாண்டி, நாளைய லோடை ஏற்றிவிடும் ஷிப்பருக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அடுத்ததற்குப் போனால், அந்த நொடியில் அது கம்பெனி வேலையாகிவிடுகிறது. ஓய்வெடுக்கும் இடங்களைத் தாண்டிப் போய் அடுத்த ஏற்றுமிடத்தை நெருங்குவது கூடாது என்று விளக்கமே உதாரணமாகச் சொல்கிறது. கொலம்பஸிலிருந்து ஐ-70 ஹைவேயில் மேற்கே டேட்டன் பக்கம் போகும் வழியில் எத்தனை டிரக் ஸ்டாப் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். முதலாவதில் நுழைந்து பார்த்தீர்களா? நிறைந்திருந்தால் அடுத்ததற்குப் போகலாம், அதுவும் நிறைந்திருந்தால் அதற்கடுத்தது. அப்படித் தேடித் தேடி 58 மைல் ஆனது என்றால் நான் உங்கள் பக்கம் நிற்பேன். ஆனால் டிஸ்பாட்சர் டேட்டன் என்றார், நேராக டேட்டன் போனீர்கள்.

லாக் பார்க்கிறவன் கண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். பி.சி.யில் இருக்கும்போது எலெக்ட்ரானிக் லாக் கருவி உங்கள் இடத்தைத் துல்லியமாகப் பதியாது. சாதாரணமாக ஒரு மைல் அளவுக்குத் துல்லியமாக இருக்கும், பி.சி.யில் அது 10 மைல் வட்டமாகிவிடும். உங்கள் சொந்த நேரத்தில் எந்த ஹோட்டலில் சாப்பிட்டீர்கள் என்பதை யாரும் பார்க்க வேண்டியதில்லை என்பதற்காக வைத்தது. அதனால் வழியில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கே தொடங்கினீர்கள், காலையில் எங்கிருந்து வேலைக்குப் புறப்பட்டீர்கள் என்பது தெரியும். ராத்திரி லோடு இறக்கிய ரிசீவரிடம் பி.சி. தொடங்கியிருக்கிறது. காலையில் 58 மைல் தள்ளி டூட்டி தொடங்கியிருக்கிறது. அங்கிருந்து 6 மைலில் ஷிப்பர். குறிப்பு எழுதும் இடம் காலி. இதைப் பார்த்தால் விசாரிக்கவே வேண்டாம், கதை தானாகவே தெரிந்துவிடும். நடுவில் டீசல் போட்ட ரசீது ஏதாவது இருந்தால் மீதியும் தெரிந்துவிடும்.

சாலையில் நிறுத்தும் இன்ஸ்பெக்டரும் இதையேதான் பார்ப்பார். இன்றைய லாக்கும் முந்தைய 7 நாள் லாக்கும் அவர் கைக்குப் போகும். தப்பான பி.சி.யை அவர்கள் ‘மணி நேரம் கொஞ்சம் தாண்டிவிட்டார்’ என்று எழுதுவதில்லை, பொய் லாக் என்று எழுதுகிறார்கள். அதன் எடை வேறு. வண்டியை அங்கேயே நிறுத்தி அவுட் ஆஃப் சர்வீஸ் போடலாம். கம்பெனியின் பாதுகாப்பு மதிப்பெண்ணிலும் அது ஏறும். 20 நிமிடம் தாமதமாக நிறுத்திய டிரைவரையும் பொய் எழுதிய டிரைவரையும் அடுத்த கம்பெனி ஒரே கண்ணால் பார்க்காது.

ஓய்வு நேரத்தை எப்படி எண்ணுவது என்பதையும் உங்கள் கணக்கிலேயே பார்ப்போம். இரவு 9:40-க்கு இறக்கி முடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 9:40-க்கு பி.சி. போட்டு 10:05-க்கு டிரக் ஸ்டாப்பில் நிறுத்தினால், பி.சி.யும் ஆஃப் டூட்டிதான் என்பதால் கருவி 9:40-இலிருந்தே கட்டாய ஓய்வான 10 மணி நேரத்தை எண்ணும். காலை 7:40-க்குப் பச்சை விளக்கு காட்டும். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு தேவையான ஓய்வு கிடைக்க வேண்டும் என்று விளக்கம் கேட்கிறதே! அதனால் எங்கள் கம்பெனியில் வண்டியை நிறுத்திய நேரத்திலிருந்து 10 மணி நேரம் எண்ணச் சொல்கிறோம். 25 நிமிடம் போனால் போகட்டும். ஒரு மணி நேரம் பி.சி.யில் ஓட்டிவிட்டு 9 மணி நேரத்தில் எழுந்து 11 மணி நேரம் ஓட்டுகிறவரை, களைப்போடு ஓட்டினார் என்று தனி விதியிலேயே பிடிக்கலாம். களைப்பாக இருக்கும்போது ஓட்டக் கூடாது என்ற விதி பி.சி.யிலும் உங்களை விடாது.

அந்த 10 மணி நேர ஓய்வை இரண்டாகப் பிரித்து எடுக்கிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். 7 மணி நேரமும் 3 மணி நேரமுமாகப் பிரிக்கும்போது, அந்த 7 மணி நேரம் தொடர்ச்சியாக ஸ்லீப்பரிலேயே இருக்க வேண்டும். நடுவில் காபி வாங்க பி.சி. போட்டு 2 மைல் போனாலும் அந்த 7 உடைந்துவிடும். 10 மணி நேரம் முழுதாக எடுக்கிறவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை, ஆஃப் டூட்டியும் ஸ்லீப்பரும் சேர்ந்து 10 ஆனால் போதும்.

இப்போது வீட்டுக்குப் போவது. இதில்தான் நல்ல அனுபவசாலிகளே விழுகிறார்கள். வீட்டிலிருந்து கம்பெனி டெர்மினலுக்கும், டெர்மினலிலிருந்து வீட்டுக்கும் டிரக்கிலேயே போய்வருவது பி.சி. டிரெய்லரை விட்டுவரும் யார்டுக்கும் வீட்டுக்கும் நடுவே போவதும் அப்படித்தான். அந்தத் தூரமும் வேலை நேரமும் சேர்ந்து உங்கள் தூக்கத்தைத் தின்றுவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கடைசி லோடை இறக்கிவிட்டு ரிசீவரிடமிருந்து வீட்டுக்கோ டெர்மினலுக்கோ திரும்புவது பி.சி. இல்லை. “கடைசி லோடு முடிந்தது, இனி நான் என் வீட்டுக்குத்தானே போகிறேன்” என்று நினைக்கத் தோன்றும். எஃப்.எம்.சி.எஸ்.ஏ. அதை அப்படிப் பார்ப்பதில்லை. கம்பெனி அனுப்பிய பயணத்தின் திரும்பும் பாதி அது, பயணம் இன்னும் முடியவில்லை என்கிறது. இண்டியானாவில் இறக்கிவிட்டு, கனடா எல்லைப் பாலம் தாண்டி வீடு வரை பி.சி. போட்ட லாக்கை நான் பார்த்திருக்கிறேன். அந்த டிரைவர் நல்ல மனிதர், மகளின் பிறந்தநாளுக்குப் போகிற அவசரம். அவரிடம் அதை எடுத்துச் சொல்லும்போது எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது.

கட்டடம் கட்டும் இடம், மின்கம்பி வேலை என்று வெளியிடத்தில் தங்கி வேலை செய்துவிட்டு, கம்பெனி அனுமதியோடு வீடு திரும்புகிறவர்களுக்கு விளக்கத்தில் தனியாக இடம் கொடுத்திருக்கிறார்கள். லோடு ஓட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு அது பொருந்தாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டிரக் ஸ்டாப்பிலிருந்தோ மோட்டலிலிருந்தோ சாப்பிட, சாமான் வாங்க, படம் பார்க்கப் போய்வருவது பி.சி. சொந்தச் சாமானை ஏற்றிக்கொண்டு வீடு மாறுவதும் பி.சி. நீங்கள் தூங்கும்போது போலீஸ்காரர் வந்து வண்டியை நகர்த்து என்றால் நகர்த்தலாம், ஓய்வு உடையாது. வண்டியைப் பழுது பார்க்கக் கொண்டுபோவது பி.சி. இல்லை, அது கம்பெனி வேலை. பாப்டெயிலாகப் போய் இன்னொரு டிரெய்லரை எடுப்பதும் இல்லை. டிரக் ஸ்டாப்பில் தூங்கி எழுந்து ஷிப்பரிடம் போவதும் இல்லை, 2 மைலாக இருந்தாலும் அது டிரைவிங். மணி நேரம் தாண்டியதற்காக அவுட் ஆஃப் சர்வீஸ் போட்ட பிறகு நல்ல இடம் தேடி பி.சி.யில் போக முடியாது, அங்கிருக்கும் அதிகாரியே போகச் சொன்னால் ஒழிய. அபாயகரமான சரக்கு ஏற்றியவர்களுக்கும் பி.சி. உண்டு, ஆனால் அந்தச் சரக்கை எங்கே நிறுத்தலாம், யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற விதிகள் அப்படியே இருக்கும்.

எத்தனை மைல் என்று அமெரிக்க விதியில் உச்ச வரம்பு இல்லை. சாலைச் சோதனை அதிகாரிகளின் கூட்டமைப்பான சி.வி.எஸ்.ஏ. ஒரு வரம்பு வைக்கச் சொல்லி மனுப் போட்டும் பார்த்தது. ஆனால் உங்கள் கம்பெனி வைக்கலாம். 30 மைல் என்று வைக்கலாம், லோடோடு கூடாது என்று சொல்லலாம், பி.சி.யே கிடையாது என்றும் சொல்லலாம். சட்டம் விட்டாலும் கம்பெனி விடவில்லை என்றால் விடவில்லைதான். உங்கள் கம்பெனியின் பி.சி. கொள்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிஸ்பாட்சர் போனில் சொல்வது கொள்கை ஆகாது.

கனடாப் பக்கம் வந்தால் கதையே வேறு. இங்கே ஒரு நாளைக்கு 75 கிலோமீட்டர்தான். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஓடோமீட்டர் எண் லாக்கில் இருக்க வேண்டும். 75 தாண்டியதும் கருவி தானாகவே டிரைவிங்குக்கு மாறிவிடும், உங்களைக் கேட்காது. பிராம்ப்டனில், மிசிசாகாவில் இருந்து ஓட்டும் நம் ஆட்கள் பலர் இரண்டு நாட்டு விதியையும் மனதில் கலந்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 75 கிலோமீட்டருக்குள் இருந்தேன், அதனால் சரி என்கிறார்கள். அங்கே அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. 5 மைல் பி.சி.யும் அங்கே தப்பாகலாம். எந்த மண்ணில் சக்கரம் நிற்கிறதோ அந்த மண்ணின் விதி.

கருவியில் செய்ய வேண்டியதில் ஒரு விஷயம் முக்கியம். வண்டியை நகர்த்தும் முன் பி.சி.யை அழுத்துங்கள். மணிக்கு 5 மைல் வேகத்தைத் தாண்டினாலே கருவி டிரைவிங் என்று பதிந்துவிடும். அப்படித் தானாகப் பதிந்த டிரைவிங்கைப் பின்னால் ஆஃப் டூட்டியாக மாற்ற முடியாது, நடந்தது என்ன என்று குறிப்புத்தான் எழுத முடியும். இன்னொன்று, பி.சி.யில் இருக்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால், இன்னும் பி.சி.தானா என்று கருவி கேட்கும். அதை உறுதிப்படுத்தாமல் வண்டியை எடுத்தால் டிரைவிங்குக்குப் போய்விடும். சாப்பிடப் போய்விட்டுத் திரும்பும்போது இதில் மாட்டுகிறவர்கள் அதிகம். அதேபோல், காலையில் பி.சி.யை எடுத்துவிடாமல் அப்படியே ஹைவேயில் ஏறிவிடுகிறவர்களும் உண்டு. புறப்படும் முன் ஒரு தடவை திரையைப் பாருங்கள்.

பி.சி. மைல்களும் எரிபொருள் வரிக் கணக்கில் சேரும், அதை விடாதீர்கள். சொந்த டிரக் வைத்திருப்பவர்கள் இன்சூரன்ஸ் ஏஜெண்டிடமும் பேசுங்கள். லோடு வேலையில் இல்லாதபோது ஓடும் வண்டிக்கு எந்தப் பாலிசி பொருந்தும் என்பது லாக்கில் பி.சி. இருந்ததா என்பதை மட்டும் வைத்து முடிவாகாது.

டிஸ்பாட்சர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே ஒரு வாடிக்கையாளர். ஆனால் லாக்கில் கையெழுத்து உங்களுடையது. டிரைவரை விதி மீறச் சொல்லி வேலையைக் காட்டி மிரட்டுவது அமெரிக்காவில் 2016 ஜனவரி முதல் தனிக் குற்றம். கம்பெனி மட்டுமில்லை, ஷிப்பர், ரிசீவர், புரோக்கர் எல்லோரும் அதற்குள் வருவார்கள். அதற்கு நீங்கள் ஒன்று செய்திருக்க வேண்டும்: இதைச் செய்தால் இந்த விதி மீறப்படும், அதனால் முடியாது என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் மிரட்டினால் 90 நாளுக்குள் எஃப்.எம்.சி.எஸ்.ஏ.விடம் புகார் செய்யலாம். இதற்காகத்தான் எங்கள் டிரைவர்களிடம், இந்த மாதிரிப் பேச்சைப் போனில் பேசாதீர்கள், மெசேஜில் எழுதுங்கள் என்கிறேன். “14 முடிந்துவிட்டது. பி.சி.யில் பக்கத்து டிரக் ஸ்டாப் வரைதான் போகலாம். டேட்டன் போனால் பொய் லாக் ஆகும். காலை 8 மணிக்குப் புறப்பட்டு வருகிறேன்” என்று நான்கு வரி. பெரும்பாலும் ‘சரி’ என்றுதான் பதில் வரும். எழுத்தில் வந்ததும் அவர்களுக்கும் நிதானம் வந்துவிடும்.

அதைவிடப் பெரிய பாதுகாப்பு உங்கள் குறிப்பு. பி.சி. போடும்போது கருவி ஒரு குறிப்புக் கேட்கும். ‘பி.சி.’ என்று மட்டும் அடித்துவிட்டுப் போகாதீர்கள், அது லாக்கிலேயே தெரிகிறதே. எதற்காக, எங்கிருந்து, எங்கே என்று எழுதுங்கள். அந்த ராத்திரிக்கு நீங்கள் எழுதியிருக்க வேண்டியது இந்த மாதிரி: “ரிசீவர் 5 மணி நேரம் காக்க வைத்தார். இறக்கியபின் உள்ளே நிற்க அனுமதி இல்லை. ஓய்வுக்காகப் பக்கத்து டிரக் ஸ்டாப்புக்குப் போகிறேன்.” முதல் இடம் நிறைந்திருந்தால், நிறுத்திய பிறகு இன்னொரு வரி: “முதல் டிரக் ஸ்டாப்பில் இடமில்லை, 11 மைல் தள்ளி அடுத்ததில் நிறுத்தினேன்.” முடிந்தால் நிறைந்திருந்த பார்க்கிங்கை ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஆடிட்டில் யாராவது கேட்டால் உங்களுக்கு அந்த ராத்திரி ஞாபகம் இருக்காது, அந்த வரிகள் இருக்கும். குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம், இடமும் காரணமும் இருந்தால் போதும்.

ஏற்கெனவே நடந்ததற்கு என்ன செய்வது? மறைக்காதீர்கள். இன்றைக்கே உங்கள் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். டிஸ்பாட்சரைக் கூப்பிட வேண்டாம். அவர்களோடு சேர்ந்து அந்த 58 மைலை டிரைவிங்காகத் திருத்தி, ஏன் திருத்துகிறீர்கள் என்று குறிப்பு எழுதி, அந்த நாள் லாக்கைத் திரும்ப சர்டிஃபை செய்யுங்கள். திருத்திய பிறகு அது 14 மணி நேர மீறலாகத் தெரியும். தெரியட்டும். ரிசீவரிடம் 5 மணி நேரம் நின்ற டிரைவர் தப்பாகப் புரிந்துகொண்டு ஓட்டிவிட்டார், பிறகு தானே திருத்தினார் என்று அதைப் படிக்கலாம். பொய் லாக்கை அப்படிப் படிக்க வழியில்லை. டாக்கில் நீங்கள் உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் உள்ள பேப்பரையும் அந்த லாக்கோடு சேர்த்து அனுப்புங்கள். திங்கட்கிழமை மறுபடி பாலம் தாண்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் யாராவது நிறுத்தினால் முதலில் கேட்பது அந்த 7 நாள் லாக்கைத்தான், அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை முடித்துவிடுங்கள்.